இறந்தவர் பெயர் என்ற இடத்தில்

அப்பா இறந்து ஐந்தாவது மாதம். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினியில் ஏற்றுவதற்கு முன்னால் விவரங்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்கள். இறந்தவர் பெயர், இறந்த தேதி, வாரிசுகளின் பெயர், உறவுமுறை, வயது. நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் தாளைப் பார்த்தாள், இறப்புச் சான்றிதழைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல இறந்தவர் பேரு வேற மாதிரி இருக்கே."

இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என் தம்பியின் பெயரை எழுதியிருந்தேன்.

கை நடுங்கிவிட்டது. தாளை வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் நின்று தம்பி பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன். அதற்குப் பிறகுதான் மூச்சு சீரானது. அன்று வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான் ஒரு பி.எட். கல்லூரியில் 14 வருடங்களாக உளவியல் நடத்துகிறேன். ஆளுமைக் கோட்பாடுகள் என்ற பகுதியில் முதலில் வருவது, மறைந்திருக்கும் எண்ணங்களைப் பேச்சு வழியே தேடும் உளப்பகுப்பாய்வு முறையைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. வாய் தவறுவது, எழுத்துப் பிழை, மறதி இவற்றைப் பற்றி அவர் 1901-இல் விரிவாக எழுதியதை வருடா வருடம் வகுப்பில் சொல்லுவேன். அவருக்கே நடந்த ஒரு மறதியையும் சொல்வதுண்டு. ஒரு பயணத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தாலியின் ஆர்வியெட்டோ நகரத் தேவாலயத்தில் சுவரோவியங்கள் வரைந்த சின்யோரெல்லி என்ற ஓவியரின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பாட்டிசெல்லி, போல்ட்ராஃபியோ என்று வேறு இரண்டு ஓவியர்களின் பெயர்கள்தான் வந்து நின்றன. பிறகு யோசித்தபோது, அந்தப் பேச்சில் பாலுறவும் மரணமும் பற்றிய ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து தான் விழுங்கிவிட்டதையும், தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தி அதற்குப் பின்னால் இருந்ததையும் கண்டுகொண்டார். விழுங்கிய விஷயம் தன்னோடு அந்தப் பெயரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது அவர் விளக்கம்.

மாணவிகள் இதை ரசித்துக் கேட்பார்கள். நானும் ரசித்துத்தான் சொல்வேன். அந்தத் தாளை நானே எழுதும்வரை இது என்னைப் பற்றிய பாடம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா எழுத்துப் பிழைக்கும் ஆழமான அர்த்தம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. அன்று வாரிசுகள் பட்டியலில் அம்மா, நான், தம்பி என்று எழுத வேண்டியிருந்தது. அந்தப் பெயர்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் கை இடம் மாறி எழுதியிருக்கலாம். முந்தின இரவு தூக்கமும் சரியில்லை. ஆனால் வெறும் கைப்பிழை என்றால் அடித்துவிட்டுத் திருத்தி எழுதியிருப்பேன். கிழித்து ஒளித்தேனே, கோயிலுக்கு ஓடினேனே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிழையைவிட, பிழைக்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில் அதிகம் தெரிகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அதே வேலைக்காக அதற்கு முன்பு நான் மூன்று முறை கிளம்பியிருந்தேன். ஒரு முறை இறப்புச் சான்றிதழை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அடுத்த முறை அப்பாவின் ஆதாரை எடுக்கவில்லை. இன்னொரு முறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கல்லூரி வேலையில் நான் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை. மறதி இந்த ஒரு வேலையில் மட்டும்தான் வந்தது.

அன்றிரவு பழைய வருகைப்பதிவேடு ஒன்றின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். என்ன தேதி, என்ன மறந்தேன் அல்லது தவறினேன், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பிறகு உடம்பில் என்ன தெரிந்தது. அவ்வளவுதான். அர்த்தம் எழுதக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அன்றைக்கே அர்த்தம் தேட உட்கார்ந்தால் நமக்குப் பிடித்த அர்த்தம்தான் கிடைக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மொத்தமாகப் படித்தால் வேறு மாதிரி தெரியும். ஒரு தடவை மறந்தால் அசதி. ஒரே விஷயம் மூன்று தடவை மறந்தால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இதை இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

மனத்தின் நிலைகளுக்குப் பாடப் புத்தகங்களில் வழக்கமாக ஒரு பனிப்பாறை படம் இருக்கும். தண்ணீருக்கு மேலே தெரிவது நனவு, அதாவது நாம் உணர்ந்திருப்பது. நீர்மட்டத்தை ஒட்டி முன்நனவு, நினைத்தால் வந்துவிடுவது. கீழே பெரிதாக நனவிலி, நமக்கே தெரியாமல் இருப்பது. பரீட்சைக்கு வசதியான படம். ஆனால் 1916-17 காலத்தில் வியன்னாவில் நடத்திய விரிவுரைகளில் பிராய்டு சொன்ன உவமை வேறு. ஒரு பெரிய முன்கூடம். அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் எண்ணங்கள். அதை ஒட்டி ஒரு சிறிய வரவேற்பறை. இரண்டுக்கும் நடுவே வாசலில் ஒரு காவல்காரன். யாரை உள்ளே விடலாம், யாரைத் திருப்பி அனுப்பலாம் என்று பார்ப்பது அவன் வேலை. உள்ளே விட்டவர்கள்கூட உடனே கண்ணில் பட்டுவிடுவதில்லை. அந்தச் சின்ன அறையில் காத்திருப்பார்கள், நனவின் பார்வை திரும்பும்போது தெரிவார்கள். அந்தச் சின்ன அறைதான் முன்நனவு. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சட்டென்று சொல்கிறோமே, அதெல்லாம் அங்கே இருப்பது. பெரிய கூடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அப்படியல்ல. கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஆனால் போய்விடவும் மாட்டார்கள்.

எனக்கு இந்த உவமை பனிப்பாறையைவிட நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அப்பாதான். அவர் 31 வருடங்கள் ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்தார். ஜன்னலுக்கு உள்ளே அப்பா, வெளியே வரிசை. முந்தி வருகிறவர்களை அவர் விடமாட்டார். "பின்னாடி போங்க, முறை வரும்" என்பார். சின்ன வயதில் நான் கடைக்குப் பக்கத்தில் சாக்கு மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. பின்வாசல் பக்கம் வருவார்கள், தெரிந்தவர்களிடம் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள், மறுநாள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அடக்கப்பட்ட எண்ணம் எப்படித் திரும்பி வரும் என்று மாணவிகள் கேட்கும்போது இப்போது இதைத்தான் சொல்கிறேன்.

தாள் சம்பவம் நடந்த இரண்டாவது வாரம், பயிற்சி மாணவி ஒருத்தி பாடக்குறிப்பு நோட்டை இரண்டு நாள் தாமதமாகக் கொண்டுவந்தாள். ஊரில் திருவிழா என்று போயிருந்தாளாம். எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "உனக்கு மட்டும்தான் ஊரு, திருவிழா எல்லாம் இருக்கா? இங்க இருக்கிறவதான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்யணுமா?" அவள் அழவில்லை. புரியாமல் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னை நிறுத்தியது. நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் அவளுக்குப் பொருந்தவே இல்லை. அவள் எந்த வேலையையும் என் தலையில் கட்டவில்லை.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஒன்றரை வருடம் டயாலிசிஸ் நடந்தது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஆட்டோவில் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தி, கூட்டிவந்து, அளந்து தண்ணீர் கொடுத்து, கஞ்சி வைத்து என்று எல்லாம் நான்தான். தம்பி பெங்களூரில் இருக்கிறான். அந்த ஒன்றரை வருடத்தில் மூன்று முறை வந்தான். "லீவு கிடைக்கல அக்கா" என்பான். "பரவாயில்லடா, நான் பாத்துக்கிறேன்" என்பேன். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

மாணவியிடம் நான் கத்திய வாக்கியத்தின் முகவரி பெங்களூரில் இருந்தது. இதை இடமாற்றம் என்று பாடத்தில் சொல்லுவோம். ஒருவர் மேல் வந்த கோபத்தை, காட்டினால் ஆபத்தில்லாத வேறொருவர் மேல் காட்டுவது. எனக்குக் கிடைத்த பயனுள்ள வழி இது: யாரையாவது திட்டிவிட்டால், பிறகு தனியாக உட்கார்ந்து நான் சொன்ன சொற்களை அப்படியே எழுதிப் பார்க்கிறேன். அந்த ஆளுக்குப் பொருந்தாத வாக்கியம் ஒன்று இருந்தால், அதன் உண்மையான முகவரி எது என்று தேடுகிறேன். மறுநாள் அந்த மாணவியிடம், எல்லார் முன்னாலும் கத்தியதால் எல்லார் முன்னாலுமே மன்னிப்புக் கேட்டேன். "உன் மேல இருந்த கோபம் இல்லம்மா அது" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

முகவரி தெரிந்த பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. அந்த ஐந்து மாதமும் தம்பிக்கு நான் தினமும் போன் செய்து கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா, தலைவலி போனதா, மழையில் நனையாதே. அப்பா இருந்தபோதுகூட அவ்வளவு விசாரித்ததில்லை. முறுக்கும் அதிரசமும் செய்து பார்சல் அனுப்பினேன். "இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்" என்று அம்மா சொன்னாள். உள்ளே இருக்கிற உணர்ச்சிக்கு நேர் எதிரானதை அளவுக்கு மீறிச் செய்வதற்கு எதிர்வினை உருவாக்கம் என்று பெயர். கோயிலில் செய்த அர்ச்சனையும் அப்படித்தான். நடந்ததை இன்னொரு செயலால் இல்லாமல் ஆக்கிவிடும் முயற்சி. பிராய்டின் மகள் ஆனா பிராய்டு 1936-இல் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் இந்தத் தற்காப்பு முறைகளை எல்லாம் ஒரே நூலில் வரிசைப்படுத்தினார். என் கைப்பட எழுதிய பாடக்குறிப்பில் இவை அத்தனையும் எண் போட்டு இருந்தன. என் வாழ்க்கையிலும் இருந்தன. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

தம்பி மேல் எனக்கிருக்கும் அன்பு பொய் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், ஒவ்வொரு ஆசைக்கும் எதிரான ஓர் ஆசை ஜோடியாகவே இருக்கிறது என்று வாதிட்டார். பிராய்டோடு பல வருடம் கடிதம் எழுதி விவாதித்தவர் அவர். இது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்கும் மாணவிகளிடம் போஸைப் பற்றி நான் கட்டாயம் சொல்வேன். அன்பும் கோபமும் ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று இருப்பதால் மற்றொன்று பொய்யாகிவிடாது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு அவர் சொன்னது உதவியது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் புரிய ஆரம்பித்ததும் வீட்டில் எல்லாரையும் ஆராய ஆரம்பித்துவிட்டேன். கணவர் ஏதோ எரிச்சலாகச் சொன்னால், "இது உங்க மனசுல இருக்கிறத என் மேல போடுறீங்க" என்பேன். அம்மா எதையாவது மறந்தால் காரணம் சொல்வேன். ஒரு நாள் கணவர், "உங்கிட்ட இனிமே எதையும் சொல்ல முடியாது போல" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

1910-இல் பிராய்டு இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தன்னைப் பார்க்க வந்த பெண்ணிடம் ஒரு மருத்துவர் அவசரப்பட்டு, உன் பிரச்சினைக்கு இதுதான் காரணம் என்று போட்டு உடைத்ததைக் கண்டிக்கிறார். ஒருவருக்குத் தெரியாததைத் தெரியப்படுத்திவிட்டால் மட்டும் குணமாகிவிடாது என்கிறார். அப்படித் தெரிவிப்பது, பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு உணவுப் பட்டியலை விநியோகிப்பது மாதிரி என்கிறார். நான் வீட்டில் விநியோகித்தது உணவுப் பட்டியலைத்தான். இதைப் படிக்கிறவர்கள் யாரும் இந்தச் சொற்களைக் கொண்டுபோய் மாமியார் மேலோ, மேலதிகாரி மேலோ ஒட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொந்த நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் எழுதுவது எல்லாவற்றுக்கும் போதுமானதாகவும் இல்லை. ஏழாவது மாதத்தில் தூக்கம் போய்விட்டது. விடிகாலை மூன்று மணிக்கு விழித்து, "இன்னும் முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும், நான்தான் விட்டுட்டேன்" என்று படுத்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தும் தயங்கிவிட்டு, பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் சில மாதங்களுக்கு மாத்திரை கொடுத்து, ஓர் ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். உளவியல் நடத்துகிறவளே போகலாமா என்று தயங்கியதில் ஒரு மாதத்தை வீணாக்கினேன். தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக்கூட ஆரம்பிக்கலாம். அரசின் டெலி-மானஸ் உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

ஆலோசகர் என்னைவிட 10 வயது சின்னவர். பிராய்டு பெயரை அவர் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. மூன்றாவது சந்திப்பில், நான் எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது, "தம்பி மேல கோபம் ஏதும் உண்டா மேடம்?" என்று கேட்டார். முகவரி பெங்களூர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தவள் நான். ஆனால் வாய், "சேச்சே, அதெல்லாம் கிடையவே கிடையாது" என்றது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே கேட்டது. மறுப்பு என்ற தலைப்பில் 1925-இல் பிராய்டு எழுதிய சின்னக் கட்டுரையில், கனவில் வந்தது யார் என்று கேட்டால் "அது அம்மா இல்லை" என்று சொல்லும் ஒருவரைப் பற்றி வரும். கேட்காமலேயே அம்மா வந்துவிட்டாள், இல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பெரிய கூடத்தில் நிற்கும் எண்ணங்களுக்கு "இல்லை" ஒரு நுழைவுச் சீட்டு.

அடுத்து அவர் ஒரு வேலை கொடுத்தார். மூன்று மணிக்கு ஓடுகிற வாக்கியங்களை எழுதச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றிலும் "நான்" என்பதை அடித்துவிட்டு வேறு பெயர் போட்டுப் படிக்கச் சொன்னார். "தம்பி முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்." படித்ததும் மார்பில் இருந்த கனம் அசைந்தது. 1917-இல் வெளிவந்த துக்கம் பற்றிய கட்டுரையில் பிராய்டு இதைத்தான் சொல்கிறார். இழப்பால் மனச்சோர்வில் மூழ்கியவர் தன்மேல் போட்டுக்கொள்ளும் பழிகளைக் கவனித்துக் கேட்டால், பல வேளைகளில் அவை அவருக்குப் பொருந்துவதைவிட, அவர் நேசிக்கிற இன்னொருவருக்கே அதிகம் பொருந்தும். ஜெர்மன் மொழியில் புலம்பலுக்கும் குற்றச்சாட்டுக்கும் ஒரே வேர்ச்சொல் என்பதை வைத்து, இவர்களின் புலம்பல்கள் குற்றச்சாட்டுகளே என்கிறார். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. "என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று செத்தவரைப் பார்த்துக் கேட்பது குற்றச்சாட்டுதானே. அப்பா போன அன்று நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

தம்பி பெயரோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாக்கியத்தில் அவன் பெயர் பொருந்தவில்லை. "எவ்வளவு செஞ்சும் பத்தல" என்ற வாக்கியம். அதில் யார் பெயரைப் போடுவது என்று ஒரு வாரம் தெரியவில்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது வந்தது. கடைசி இரண்டு வாரம் அப்பா கண் திறக்கும்போதெல்லாம் "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டார். வாயில் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தவள் நான். "வந்துருவான்பா" என்பேன். "நீ சாப்ட்டியாம்மா" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குப் பெரிய கோபம் அப்பா மேல்தான். இறந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பதால் அது தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுத என் கை ஏன் மறுத்தது என்பது எனக்கு அன்று புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மனதின் மூன்று பகுதிகளை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்கிறோம். அவற்றைப் பிராய்டு ஜெர்மனில் அன்றாடச் சொற்களில்தான் சொன்னார். அது, நான், மேல்-நான். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் லத்தீன் சொற்களைப் போட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஈகோ என்றால் திமிர் என்று ஆகிவிட்டது. அதனால் மாணவிகள் ஈகோவைக் குறைக்க வேண்டும் என்று விடைத்தாளில் எழுதுவார்கள். உண்மையில் அந்த "நான்"தான் பாவம், அடக்க முடியாத ஆசைகள் (இட்), கண்டிக்கும் மனச்சாட்சி (சூப்பர் ஈகோ), வெளி உலகம் என்று மூன்று எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. இன்னொன்றையும் நான் பல வருடம் தவறாக நடத்தியிருக்கிறேன். இட் என்றால் நனவிலி, ஈகோ என்றால் நனவு என்று நேர்கோடு போட்டுக் காட்டுவேன். 1923-இல் இந்த மூன்று பகுதி விளக்கத்தை அவர் எழுதியதற்கு ஒரு முக்கியக் காரணமே, ஈகோவிலும் பெரிய பகுதி நனவிலியாக இருக்கிறது என்று கண்டதுதான். காவல்காரன் தன் வேலையைத் தெரிந்து செய்வதில்லை. சூப்பர் ஈகோவும் அப்படி. எது நம்மை அதட்டுகிறது என்று தெரியாமலேயே குற்றவுணர்ச்சியில் வாடுகிறோம்.

என்னை அதட்டிய குரலின் வாக்கியம் எனக்குத் தெரியும். "மூத்தவ நீ, நீதான் விட்டுக்கொடுத்துப் போகணும்." தம்பி பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அப்பா சொன்னது. அவருடைய குரல், அவர் ஜன்னலில் பேசும் அதே தொனி. ஆனால் 1933-இல் பிராய்டு எழுதிய ஒரு வரி என்னை இன்னும் பின்னால் போகவைத்தது. குழந்தையின் சூப்பர் ஈகோ பெற்றோரைப் பார்த்து உருவாவதைவிட, பெற்றோருடைய சூப்பர் ஈகோவைப் பார்த்தே உருவாகிறது என்கிறார். அப்பாவும் மூத்தவர். அவருக்குக் கீழே நான்கு பேர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மூட்டை தூக்கப் போனவர். ஆச்சி அவரிடம் இதே வாக்கியத்தைச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன், "மூத்தவன் நீ" என்று. அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் நகை மாதிரி கைமாறி வந்திருக்கிறது. இது தெரிந்ததும் அப்பா மேல் இருந்த கோபம் தீர்ந்துவிடவில்லை. அதன் ஓரத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்தது. என் மகளும் மூத்தவள். "நீ பெரியவதானே" என்று வாய் வரை வரும்போது இப்போதெல்லாம் நிறுத்துகிறேன். எல்லா நேரமும் முடிவதில்லை.

பிராய்டு சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பெண்களைப் பற்றி அவர் எழுதிய பலவற்றை ஏற்க முடியாது. அவர் காலத்திலேயே கேரன் ஹார்னி என்ற பெண் உளப்பகுப்பாய்வாளர் அதை எதிர்த்து எழுதினார். பிராய்டின் கருத்துகளில் பலவற்றைச் சோதித்து நிரூபிக்க வழியில்லை என்ற விமர்சனமும் நியாயமானது. அதையும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் நமக்கே தெரியாமல் நமக்குள் ஒன்று நடக்கிறது, அதைக் கேட்கப் பொறுமை வேண்டும் என்று அவர் சொன்னது என் விஷயத்தில் உண்மையாக இருந்தது.

அப்பாவின் முதல் வருடத் திதிக்குத் தம்பி வந்தான். பிண்டம் வைத்து, காக்கைக்குப் போட்டு, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். என்ன சொல்ல வேண்டும் என்று ஆலோசகரோடு இரண்டு சந்திப்பில் பேசித் தயாராகியிருந்தேன். குற்றம் சாட்டாமல், நடந்ததையும் எனக்கு இருந்ததையும் மட்டும் சொல்வது என்று.

"நீ வராதது எனக்கு ரொம்பக் கோபம்டா. பரவாயில்லன்னு நான் சொன்னது பொய்."

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பரவாயில்லன்னு சொல்லும்போதெல்லாம் அப்படியே நம்பிக்கிட்டேன்க்கா. நம்புறது வசதியா இருந்துச்சு" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பா கடைசியில் அவனையே கேட்டதைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தாளில் அவன் பெயரை எழுதியதை மட்டும் சொல்லவில்லை. அது என் நோட்டிலேயே இருக்கட்டும்.

"நாளைக்குக் காலையில பஸ்ஸை விட்டுட்டு மதியம் போறேன். அந்தச் சான்றிதழ் வேலைய முடிச்சுருவோம்" என்றான்.

மறுநாள் காலையில் இருவரும் போனோம். அதே பெண்தான் இருந்தாள். என்னை நினைவிருந்ததா என்று தெரியவில்லை, காட்டிக்கொள்ளவில்லை. தாள் கொடுக்காமல் நேராகவே கணினியில் ஏற்ற ஆரம்பித்தாள்.

"இறந்தவர் பேரு சொல்லுங்கக்கா."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அப்பாவின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். அவள் தட்டச்சு செய்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். இருவரும் குனிந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம்.